ஒன்றரை ஏக்கரில் கோடைத் தக்காளி கட்டுப்படியாகுமா?

கேள்வி – குடிமங்கலம் விவசாயி

அனைவருக்கும் வணக்கம். உடுமலைக்கு வடக்கே குடிமங்கலம் ஒன்றியத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் எங்கள் மண்டலத்துக்கு இந்த முறை தண்ணீர் கிடையாது என்பதால், கோடை முழுவதும் ஆழ்துளைக் கிணற்றை மட்டுமே நம்ப வேண்டும். இலவச மின் இணைப்பு உண்டு. சிறு விவசாயிக்கான முழு மானியத்தில் சொட்டுநீர்க் குழாயும் போட்டாயிற்று.

ஏப்ரல் நடுவில் தக்காளி நட்டு, ஜூன் கடைசியிலிருந்து பறிக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தச் சமயத்தில் விலை ஏறும் என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம். என் மைத்துனர் ஒன்றரை ஏக்கரும் போட்டுவிடச் சொல்கிறார். என் மனைவி அரை ஏக்கர் போதும் என்கிறார். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. பழத்தைத் தன்னிடமே கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு ஐம்பதாயிரம் முன்பணம் தருவதாக ஒரு கமிஷன் மண்டிக்காரர் சொல்லியிருக்கிறார்.

நான் கேட்பது மூன்று. 14 கிலோ பெட்டி ஒன்றுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும், எந்த விலைக்குக் கீழே போனால் நட்டம்? ஒரு ஏக்கருக்குக் கோடையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மண்டி முன்பணத்தை வாங்கலாமா? "நல்ல லாபம்", "பெரிய நட்டம்" என்று பலரும் சொல்லிக் கேட்டுவிட்டேன். கணக்கோடு சொல்லும் ஒருவரின் பதில் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1 – உடுமலை, மூத்த விவசாயி

தம்பிக்கு வணக்கம். தக்காளியில் யாரைக் கேட்டாலும் விலையைத்தான் சொல்வார்கள். அடக்க விலையைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் நிலத்தில் ஒரு ஏக்கருக்கு ஆகும் செலவை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஊர்க் கூலிக்கும் வாடகைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உழவும் பாத்தி அணைப்பதும் சேர்ந்து 9,000 ரூபாய். தொழு உரம் ஐந்து டிராக்டர், லோடு 3,500 வீதம் 17,500. குழித்தட்டு நாற்று 6,500, ஒன்று 1 ரூபாய் 20 காசு என்ற கணக்கில் 7,800. மல்ச்சிங் ஷீட், அதாவது பாத்தியை மூடும் நிலப்போர்வை, 14,000. குச்சியும் கம்பியும் புதிதாக வாங்கினால் 45,000-க்கு மேல் ஆகும். அவை சில பயிர்களுக்கு உழைக்கும் என்பதால் ஒரு பயிரின் பங்காக, கயிற்றையும் சேர்த்து, 12,000 போடுகிறேன். அடியுரமும் சொட்டுநீர் வழியாகக் கொடுக்கும் உரமும் 22,000. பூச்சி, நோய் மருந்து 25,000. நடவு, களை, செடி கட்டுதல், மருந்து அடித்தல் ஆகியவற்றுக்கான கூலி 24,000. மொத்தம் 1,31,300 ரூபாய். பறிப்பு தொடங்குவதற்கு முன்பே இந்தப் பணம் மண்ணுக்குள் போய்விடுகிறது. வீட்டு ஆட்கள் செய்யும் வேலைக்கும் இதில் கூலி போட்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே போட வேண்டும். உங்கள் தாயாரும் மனைவியும் வயலில் நிற்கும் நாட்களில் வெளி வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியைக் கழிக்காமல் லாபம் என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது.

இனிப் பறித்த பிறகு வரும் செலவு. பறிக்கவும் தரம் பிரிக்கவும் பெட்டிக்கு 30 ரூபாய், வண்டி வாடகையும் சுமைக்கூலியும் 20 ரூபாய், ஆக 50. அதோடு விற்ற விலையில் நூற்றுக்குப் பத்து கமிஷன்.

நல்ல பராமரிப்பில் கோடைப் பயிர் ஏக்கருக்கு 1,200 பெட்டி, அதாவது சுமார் 16.8 டன், கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலம் முடிந்து நடும் பயிர் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும். கோடைக்கு இதற்கு மேல் நம்பக் கூடாது. 1,31,300-ஐ 1,200 பெட்டிக்குப் பிரித்தால் பெட்டிக்கு ஏறத்தாழ 109 ரூபாய். பறிப்புச் செலவு 50 சேர்த்தால் 159. கமிஷன் போக இந்த 159 கையில் வர வேண்டுமானால் மண்டியில் பெட்டி 177 ரூபாய்க்குப் போக வேண்டும். கிலோவுக்கு 12 ரூபாய் 65 காசு.

இதே வயலில் இலைச்சுருள் நோய் புகுந்து 700 பெட்டியோடு நின்றுவிட்டால் பெட்டிக்கான முன்செலவு 188 ரூபாயாக ஏறுகிறது. அப்போது 264 ரூபாய்க்கு விற்றால்தான் தலை தப்பும். விலை குறைவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மகசூல் குறைவதால் அடக்கம் ஏறுவதைப் பேசுவதில்லை. சிறு விவசாயியின் கடன் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியாகத்தான் வருகிறது என்பது நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் உண்மை.

சராசரி விலையைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். முதல் மூன்று பறிப்பில் மொத்தம் 150 பெட்டிதான் வரும். அது 400 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். காய்ப்பு உச்சத்தில் 800 பெட்டி வரும்போது விலை 150. கடைசி 250 பெட்டி 250 ரூபாய்க்குப் போகிறது. மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 267 என்று வரும், மனமும் நிறைந்துவிடும். ஆனால் கைக்கு வருவது மொத்தம் 2,42,500 ரூபாய்; பெட்டிக்கு 202-தான். கமிஷன் 24,250, பறிப்புச் செலவு 60,000, முன்செலவு 1,31,300 ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 26,950. நிலத்தைத் தயார் செய்வதிலிருந்து கடைசிப் பறிப்பு வரை ஐந்து மாதம் ஓடிய பிறகு ஒரு ஏக்கரில் நிற்கும் பணம் அது. டீக்கடையில் 400 ரூபாய்ப் பெட்டியைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

இன்னொன்று. விலை 177-க்குக் கீழே இறங்கியதும் பலர் மனமுடைந்து வயலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது தவறு. போட்ட 1,31,300 ரூபாய் பறித்தாலும் பறிக்காவிட்டாலும் திரும்பி வராது. அன்றைய பறிப்புக்கு ஆகும் 50 ரூபாயும் கமிஷனும் திரும்பினால் போதும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயும் நட்டத்தைக் குறைக்கிறது. அந்த எல்லை பெட்டிக்கு 56 ரூபாய். 80 ரூபாய் விலையில் 100 பெட்டி பறித்தால் 2,200 ரூபாய் கையில் நிற்கும். 50 ரூபாய் விலையில் பறித்தால் கையிலிருந்து போகும். இந்த இரண்டு எண்களையும், 177-ஐயும் 56-ஐயும், தனித்தனியாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, நடலாமா என்று முடிவெடுப்பதற்கு. இரண்டாவது, இன்று பறிக்கலாமா என்று முடிவெடுப்பதற்கு.

பதில் 2 – தாராபுரம், சொட்டுநீர் அமைப்புப் பணியில் இருப்பவர்

மேலே ஐயா கொடுத்த கணக்கு சரியானது. ஆனால் அதிலுள்ள 1,200 பெட்டி தண்ணீரை நம்பி நிற்கிறது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மே மாதத்தில் முழு வளர்ச்சியடைந்த தக்காளிப் பயிர், நிலப்போர்வையும் சொட்டுநீரும் இருந்தாலும், நாளொன்றுக்கு சுமார் 5 மில்லிமீட்டர் நீர் எடுக்கும். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் இது இன்னும் கூடும். நம் பகுதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மே கடைசியிலேயே தொடங்கிவிடும் என்பதால், வானம் மூடியிருந்தாலும் மண் வேகமாகக் காயும். பயிர்க்காலம் முழுவதற்கும் சேர்த்து ஏக்கருக்கு 18 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கிணறு இதைத் தருமா என்பதை அளந்து பார்க்க ஒரு 200 லிட்டர் டிரம்மும் கைக்கடிகாரமும் போதும். ஆனால் மோட்டார் போட்டவுடன் அளக்கக் கூடாது. இரவெல்லாம் ஊறி நின்ற நீர் முதலில் வேகமாக வரும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். தொடர்ந்து ஓடவிட்டு மூன்றாவது மணி நேரத்தில், குழாயின் வாயில் காற்று கலந்து வருகிறதா என்று கவனித்துக்கொண்டே, டிரம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். நான்கு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 3,000 லிட்டர்; 20,000 லிட்டருக்கு ஆறே முக்கால் மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். அதற்கேற்ற நேரம் மும்முனை மின்சாரம் வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மார்ச் மாத அளவை மே மாதத்துக்கு அப்படியே கொள்ள முடியாது; மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் மகசூலும் அதே அளவுதான் குறையும் என்று எண்ண வேண்டாம். தக்காளிக்கு அளவைவிட ஒழுங்கு முக்கியம். இரண்டு நாள் காயப் போட்டு மூன்றாம் நாள் நிறையப் பாய்ச்சினால், மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் அது காய்க்குப் போய்ச் சேராது. காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல் காய்ந்து, உள்வாங்கிவிடும். அப்படிப்பட்ட காயை எந்த மண்டியிலும் எடுக்க மாட்டார்கள். அதே தண்ணீரை அரை ஏக்கருக்கு நாள் தவறாமல் கொடுத்தால், ஒரு ஏக்கரில் வாடி நிற்கும் பயிரைவிடக் கூடுதலான விற்பனைப் பழம் கிடைக்கும் என்பதை வயல்களில் தொடர்ந்து பார்த்துவருகிறேன். உங்களுக்கு வரம்பு நிலம் அல்ல, நீர். ஆகவே லாபத்தை ஏக்கருக்கு எவ்வளவு என்று பார்க்காமல், ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

பாதியில் தண்ணீர் தீர்ந்தால் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். முழு ஏக்கருக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் வண்டி இரண்டு வேண்டும். எந்தத் தக்காளி விலையும் அதைத் தாங்காது. பயிர் வாடுகிறதே என்ற பதற்றத்தில் கடன் வாங்கிப் புதிதாகப் போர் போடுவதும் அப்படித்தான். ஒரு பயிரின் லாபத்தை நம்பிச் செய்யும் செலவு அல்ல அது.

பதில் 3 – ஒட்டன்சத்திரம் பகுதி, நாற்றங்கால் நடத்தும் தோட்டக்கலைப் பட்டதாரி

வணக்கம் ஐயா. பருவத்தைப் பற்றியும் நோயைப் பற்றியும் எழுதுகிறேன். மகசூல் 1,200 பெட்டியா 700 பெட்டியா என்பதைப் பெரும்பாலும் நட்ட முதல் ஒன்றரை மாதமே முடிவு செய்துவிடுகிறது.

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராமல் இருந்தால் மகரந்தம் செயலிழந்து பூ உதிரும். ஜனவரி, பிப்ரவரியில் நட்டவர்களின் பயிர் கடும் வெயிலுக்கு முன்பே பெருமளவு பிஞ்சு பிடித்துவிடும். ஆனால் அவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் வரத்து மிகுந்த சந்தையில் விற்க வேண்டியிருக்கும். நீங்கள் ஏப்ரல் நடுவில் நட்டால் பூப்பது மே நடுவில். அப்போது கோடை மழை ஓரிரு முறை பெய்து இரவு குளிர்ந்தால் பிஞ்சு நிற்கும். பெய்யாவிட்டால் முதல் இரண்டு பூங்கொத்து வீணாகும். ஜூலை விலை உயர்வதற்குக் காரணமே இந்த ஆபத்தை ஏற்கக்கூடியவர்கள், அதாவது மே மாதத்தில் தண்ணீர் வைத்திருப்பவர்கள், குறைவாக இருப்பதுதான். அந்த விலை ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கோடையின் முதல் எதிரி வெள்ளை ஈ. இலைச்சுருள் நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது அதுதான். நட்டுப் பதினைந்து, இருபது நாளில் நோய் பிடித்த செடி காய்க்கவே காய்க்காது. பூத்த பிறகு பிடித்தால் பாதியாவது தேறும். ஆகவே நாற்றுப் பருவத்தில் செய்யும் செலவுதான் பெரும் பலன் தரும். நாற்று வாங்கும்போது, நுண்வலைக் கூடத்துக்குள் வளர்ந்ததா, கூடத்துக்கு இரண்டு கதவு இருக்கிறதா, உள்ளே மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்குகிறதா, அந்தப் பொறியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நின்று பாருங்கள். பொறி நிறைய வெள்ளை ஈ ஒட்டியிருந்தால் அங்கே நாற்று வாங்காதீர்கள்; பத்துப் பைசா மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 25 நாள் நாற்று போதும். நாற்பது நாள் தட்டிலேயே நின்று தண்டு முற்றியதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்க வேண்டாம்.

வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளத்தை நடவுக்கு முன்பே விதைத்துவிடுங்கள். வெள்ளை ஈக்கும் தடை, ஜூன், ஜூலைக் காற்றுக்கும் தடை. காற்றாலைகள் சுற்றும் உங்கள் ஊரில் இரண்டாவது பயன் சிறியதல்ல. காற்றில் பழம் குச்சியில் உரசி விழும் கோடு ஒன்றே முதல் தரத்தை இரண்டாம் தரமாக்கிவிடும். பக்கத்தில் காய்ப்பு முடிந்த பழைய தக்காளியோ கத்திரியோ பிடுங்கப்படாமல் நின்றால், அதை அகற்றுமாறு அந்த நிலத்துக்காரரிடம் நடவுக்கு முன்பே பேசுங்கள். மல்ச்சிங் ஷீட்டில் வெள்ளி நிறப் பக்கம் மேலே இருக்க வேண்டும். கறுப்புப் பக்கம் மேலே இருந்தால் ஏப்ரல் வெயிலில் இளந்தண்டு வெந்துவிடும்.

ரகத்தைப் பொறுத்தவரை, பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஆர்க்கா ரக்ஷக் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றுக்கும் எதிர்ப்புத்திறன் கொண்டது. தனியார் வீரிய ரகங்களிலும் இலைச்சுருளைத் தாங்குபவை உண்டு. ஆனால் எதிர்ப்புத்திறன் என்பது நோயே வராது என்ற உறுதி அல்ல. 2014-இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்டுத் தெற்கே பரவிய ஊசிப்புழு எந்த ரகத்தையும் விடாது. அதற்கு நட்டவுடனே இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சியின் வரவைக் கண்காணிக்க வேண்டும். பக்கத்து வயல்காரர் அடிக்கிறார் என்பதற்காக வாரந்தோறும் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பதால் 25,000 ரூபாய் மருந்துச் செலவு 40,000 ஆகுமே தவிர, வெள்ளை ஈ குறையாது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும்.

பதில் 4 – பாலக்கோடு விவசாயி

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து இருக்கிறது. எல்லோரும் குச்சி, கம்பி, மல்ச்சிங் என்று ஏக்கருக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் முதலீடு சொல்கிறார்கள். எங்கள் பகுதியில் பெரியகுளம் பி.கே.எம் 1 ரகத்தைக் குச்சி இல்லாமல், நிலப்போர்வை இல்லாமல், தரையில் படரவிட்டுப் பயிர் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்செலவு ஏக்கருக்கு 60,000 ரூபாயும் மகசூல் 600 பெட்டியும் என்று கொண்டால், பெட்டிக்கு 100, பறிப்புச் செலவு 50, கமிஷனோடு சேர்த்து 167 ரூபாய் வந்தால் அசல் தேறிவிடும். ஐயா சொன்ன 177-ஐவிட இது குறைவு. எல்லாம் போனாலும் போவது 60,000. அங்கே போவது 1,31,300. மழைக்காலத்தில் பழம் ஈர மண்ணில் கிடந்து அழுகும் என்பதால் குச்சி அவசியம். வறண்ட பருவத்தில் அந்தத் தேவை குறைவு. கையில் பணம் குறைவாக உள்ளவர் முதல் முறை இப்படிப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பதில் 5 – உடுமலை, மூத்த விவசாயி

பாலக்கோடு நண்பரின் கணக்கை மதிக்கிறேன். தண்ணீர் தாராளமாகவும் நிலம் அதிகமாகவும் உள்ள இடத்தில் அது பொருந்தும். ஆனால் இவருக்குத் தண்ணீர் குறைவு. நிலப்போர்வை இல்லாவிட்டால் மே மாதத்தில் நீர்த்தேவை கணிசமாகக் கூடும்; ஏறத்தாழ அதே தண்ணீருக்குப் பாதிப் பெட்டிதான் வரும். தரையில் கிடக்கும் பழத்துக்கு வெயில் பட்ட பக்கம் வெளுத்துவிடும் என்பதும் உண்டு. கேரள வியாபாரிகள் ஏலத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். பெட்டிக்கு முப்பது, நாற்பது ரூபாய் அங்கேயே குறையும். குச்சியில் சிக்கனம் செய்ய விரும்பினால் முழு உயரத்துக்குப் போகாமல் இரண்டு வரிசைக் கயிற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். போர்வையில் சிக்கனம் வேண்டாம்.

பதில் 6 – மண்டியில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

முன்பணத்தைப் பற்றிய மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் எழுதாததால் எழுதுகிறேன்.

மண்டி முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று சொல்வார்கள். தாளில் வட்டி இருக்காது என்பது உண்மைதான். ஆனால் பணம் வாங்கியவர் வேறு சந்தைக்குப் போக முடியாது. அன்றைக்கு ஒட்டன்சத்திரத்தில் விலை கூடுதலாக இருந்தாலும் பொள்ளாச்சியில் கூடுதலாக இருந்தாலும் வேடிக்கை பார்க்கத்தான் முடியும். பெட்டிக்கு 20 ரூபாய் குறைவாகக் கிடைத்தால், அரை ஏக்கரில் வரும் 600 பெட்டிக்கு 12,000. ஐம்பதாயிரம் ரூபாயை ஐந்து மாதம் வைத்திருந்ததற்கு 12,000 என்றால் ஆண்டுக்கு 57 சதவீதத்துக்கும் மேல். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி உரிய தேதியில் கட்டினால் வட்டியே இல்லை. அங்கே சிட்டா, அடங்கல் என்று அலைய வேண்டியிருக்கிறது என்பதற்காக மண்டிக்குப் போகிறார்கள். அந்த அலைச்சலின் மதிப்பு 12,000 ரூபாய் என்று எண்ணிப் பார்த்தால் அலைவது கடினமாகத் தெரியாது.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடுமலை விலையை உடுமலை மட்டும் முடிவு செய்வதில்லை. கர்நாடகத்தின் கோலாரிலும் ஆந்திரத்தின் மதனப்பள்ளியிலும் வரத்து எப்படி, கேரளத்தில் தேவை எப்படி என்பதைப் பொறுத்தது அது. 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனதும், தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க ஏற்பாடு செய்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து நாடு முழுவதும் நட்டார்கள். செப்டம்பரில் ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் விவசாயிகள் பழத்தைச் சாலையில் கொட்டினார்கள். ஜூலையில் லாபம் பார்த்தவர்கள், அதற்கு முந்தைய மாதங்களில் விலை படுத்துக் கிடந்து மற்றவர்கள் தக்காளியை விட்டு விலகியபோது நட்டவர்கள்.

ஆகவே நடவு நாளில் சந்தை விலையைப் பார்ப்பதைவிட நாற்றங்காலைப் பாருங்கள். உங்கள் சுற்றுவட்டாரத்தில் நாற்றுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னால், உங்கள் பழம் வரும்போது எல்லோருடைய பழமும் வரும். கேட்டவுடன் நாற்று கிடைக்கிறது, தட்டு தேங்கிக் கிடக்கிறது என்றால் அது நல்ல அறிகுறி. இதை நான் பெரிதும் நம்புகிறேன்.

நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு என்று ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று கணித்திருக்கிறது. சிறு அளவில் பயிர் செய்பவர் இதில் கொஞ்சம் மீட்க முடியும். அரை ஏக்கரில் ஒரு பறிப்புக்கு முப்பது, நாற்பது பெட்டிதான் வரும்; அதில் ஐந்து, ஆறு பெட்டியை உழவர் சந்தையில் விற்கலாம். அங்கே கமிஷன் கிடையாது, மண்டியைவிடக் கிலோவுக்குக் கூடுதல் விலையும் கிடைக்கும். உழவர் அட்டைக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். பறிப்பு தொடங்கிய பிறகு அதற்கு நேரம் இருக்காது. மூன்று ஏக்கர் போட்டவருக்கு இந்த வழி கிடையாது, அவ்வளவு பழத்தையும் அங்கே உட்கார்ந்து விற்க முடியாது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

ஐயா, அண்ணா, சகோதரி, அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மூன்றாவது மணி நேரத்தில் டிரம் வைத்து அளந்தேன். நிறைய ஐந்தரை நிமிடம் ஆனது. மணிக்கு 2,180 லிட்டர் அளவுக்கு வருகிறது. எட்டு மணி நேரம் ஓடினாலும் 17,500 லிட்டரைத் தாண்டாது. மே மாதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 11,600. ஆக அரை ஏக்கருக்கு மேல் வழியில்லை என்று மைத்துனரிடம் கணக்கை வைத்துப் பேசினேன், ஒப்புக்கொண்டார். முன்பணம் வேண்டாம் என்று மண்டியில் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம்: அரை ஏக்கரையும் ஒரே நாளில் நடலாமா? பயிர்க் காப்பீடு விலை சரிவுக்கு உதவுமா?

பதில் 7 – ஒட்டன்சத்திரம் பகுதி, நாற்றங்கால் நடத்தும் தோட்டக்கலைப் பட்டதாரி

விலையைப் பொறுத்தவரை இரண்டு தவணையாக நடுவது நல்லது. உச்சக் காய்ப்பு ஒரே வாரத்தில் குவியாது. ஆனால் நோயைப் பொறுத்தவரை முதலில் நட்ட செடியிலிருந்து வெள்ளை ஈ இளம் செடிக்கு எளிதாகத் தாவும். ஆகவே இடைவெளி பதினைந்து நாளுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது தவணையை காற்று வரும் பக்கத்தில், அதாவது மேற்கே நடுங்கள், பூச்சி காற்றோடு கிழக்கே போகும். இரண்டுக்கும் நடுவிலும் மக்காச்சோள வரிசை இருக்கட்டும்.

பயிர்க் காப்பீட்டில் உங்கள் பிர்க்காவில் தக்காளி அறிவிக்கை செய்யப்பட்டிருக்கிறதா என்பதை உதவித் தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள். தோட்டக்கலைப் பயிர்களுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். இழப்பீடு அந்தப் பகுதியின் சராசரி மகசூலைப் பொறுத்தது. விலை சரிவுக்கு அதில் இடமில்லை. அதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே காப்பு, அரை ஏக்கருக்குச் செலவு செய்த பிறகும் கையில் மிஞ்சும் எண்பதாயிரம் ரூபாய்தான். அதைத் தொடாமல் வைத்திருங்கள். மீதி ஒரு ஏக்கரில் கோடை மழை பெய்ததும் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுங்கள். புரட்டாசி நடவுக்கு மண் தயாராக இருக்கும். நாற்றுக்கு நடவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஏப்ரல் 15 என்றால் மார்ச் 15-க்குள் சொல்லுங்கள்.